வாசகர் கேட்டவை: அமெரிக்க அதிபர் ஜேம்ஸ் மேடிசன்

அமெரிக்காவின் நான்காவது அதிபர் ஜேம்ஸ் மேடிசன் (1751–1836) பற்றி வந்த கேள்விகளில் சில இந்த இதழில்.

கே: மேடிசனை 'அரசியல் சட்டத்தின் தந்தை' என்கிறார்கள். அவரேதான் எழுதினாரா?

ப: கடைசி வாசகங்களைச் செதுக்கியவர் பென்சில்வேனியா பிரதிநிதி கூவர்னர் மாரிஸ். மேடிசன் செய்தது அதற்கு முந்தைய வேலை. அரசியல் சட்டத்தை உருவாக்கிய பிலடெல்பியா மாநாடு 1787 மே 14 அன்று தொடங்குவதாக இருந்தது. அவர் மே 3ஆம் தேதியே வந்து இறங்கிவிட்டார். பண்டைய கிரேக்கம் முதல் நெதர்லாந்து வரை எந்தக் கூட்டாட்சி ஏன் தடுமாறியது என்று படித்து எழுதிய குறிப்புகள் தயாராக இருந்தன. அமெரிக்க மாநிலங்களின் அன்றைய கூட்டமைப்பில் இருந்த கோளாறுகளையும் வரிசைப்படுத்தி வைத்திருந்தார்: கேட்ட பணத்தை மாநிலங்கள் தருவதில்லை, வெளிநாட்டு ஒப்பந்தங்களை மீறுகின்றன, ஒன்றின் உரிமையில் இன்னொன்று கைவைக்கிறது.

போதுமான மாநிலங்கள் வந்து சேர மே 25 ஆகிவிட்டது. காத்திருந்த நாட்களில் வெர்ஜீனியா பிரதிநிதிகள் கூடிப் பேசி 15 தீர்மானங்கள் கொண்ட வரைவைத் தயாரித்தார்கள். அதில் பெரும்பங்கு மேடிசனுடையது. மே 29 அன்று சபையில் அதை வைத்தவர் வெர்ஜீனியா ஆளுநர் எட்மண்ட் ரேண்டால்ஃப். பழைய விதிகளைத் திருத்த வந்தவர்கள், அன்றிலிருந்து புதிய அரசு ஒன்றைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். தந்தைப் பட்டம் இதற்காகத்தான்.

பிள்ளை அப்பா ஜாடையில் பிறக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நாடாளுமன்றமான காங்கிரசின் இரண்டு அவைகளிலுமே மக்கள்தொகைப்படி இடம், மாநிலச் சட்டங்களைத் தள்ளுபடி செய்ய காங்கிரசுக்கு அதிகாரம், வீட்டோவில் நீதிபதிகளுக்கும் பங்கு என அவர் கேட்ட மூன்றும் கிடைக்கவில்லை. முதலாவது ஜூலை 16 அன்று போனது. மாநிலத்துக்கு ஒரு ஓட்டு என்ற முறையில், செனட்டில் எல்லா மாநிலத்துக்கும் சம இடம் என்ற சமரசம் 5–4 கணக்கில் நிறைவேறியது. மசாசூசெட்ஸ் பிரதிநிதிகள் சரிபாதியாகப் பிரிந்ததால் அந்த ஓட்டு எந்தப் பக்கமும் சேரவில்லை. நியூயார்க்காரர்கள் ஊருக்குத் திரும்பியிருந்தார்கள், நியூஹாம்ப்ஷயர் இன்னும் வரவில்லை, ரோட் ஐலண்ட் கடைசிவரை வரவே இல்லை. வட கரோலினா மட்டும் மாறி ஓட்டளித்திருந்தால் சமரசம் விழுந்திருக்கும்.

கே: ஓட்டுக்குச் சாராயம் ஊற்றாததால் தேர்தலில் தோற்றாராமே, நிஜமா?

ப: நிஜம். 1777, வெர்ஜீனியா சட்டசபைத் தேர்தல். வேட்பாளர் செலவில் வாக்காளர்களுக்குக் குடிக்க வாங்கித் தருவது அங்கே வழக்கம். மேடிசன் மறுத்தார், மதுவிடுதி நடத்திய எதிர்வேட்பாளர் ஜெயித்தார். அதே ஆண்டு இறுதியில் சட்டசபையே மேடிசனை ஆளுநரின் ஆலோசனைக் குழுவுக்குத் தேர்ந்தெடுத்தது. அங்கே ஓட்டுப் போட்டவர்கள் உறுப்பினர்கள் மட்டுமே!

கே: உரிமைச் சாசனம் தேவையில்லை என்றவர், பிறகு தானே அதைக் கொண்டுவந்தது ஏன்?

ப: மூடிய கதவுக்குள் நடந்த மாநாட்டில் குடிமக்களின் உரிமைப் பட்டியல், அதாவது உரிமைச் சாசனம், சேர்க்கப்படவில்லை. மத்திய அரசுக்குக் கொடுத்த அதிகாரங்கள் எண்ணி எழுதப்பட்டவை, எழுதாதது அதற்கு இல்லை என்பது மேடிசனின் வாதம். காகிதத்தில் எழுதும் உரிமை, பெரும்பான்மை துணிந்துவிட்டால் நிற்காது என்ற சந்தேகமும் அவருக்கு இருந்தது. வெர்ஜீனியாவில் புதிய அரசியல் சட்டத்தை எதிர்த்த தலைவர் பேட்ரிக் ஹென்றி இதையே ஆயுதமாக்கினார். 1788 ஜூன் 25 அன்று அங்கே அரசியல் சட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது 89–79 என்ற சிறு வித்தியாசத்தில்தான், அதுவும் திருத்தங்களுக்கான பரிந்துரையோடு.

ஹென்றி அதோடு விடவில்லை. அன்று செனட்டர்களைத் தேர்ந்தெடுத்தது மாநிலச் சட்டசபை. அங்கே அவர் வைத்ததே சட்டம், மேடிசனுக்கு இடம் கிடைக்கவில்லை. கீழவையான பிரதிநிதிகள் சபைக்குப் போட்டியிட்டால் எதிரே நண்பர் ஜேம்ஸ் மன்றோ. தொகுதியில் பாப்டிஸ்ட் கிறிஸ்தவர்கள் கணிசம். மாநில ஆதரவு பெற்ற திருச்சபையால் அடிபட்டவர்கள் என்பதால் மத உரிமை எழுத்தில் வேண்டும் என்றார்கள். மேடிசன் அவர்களுக்குக் கடிதம் எழுதி வாக்குறுதி தந்தார். 1789 பிப்ரவரியில் 1,308 ஓட்டு அவருக்கு, 972 மன்றோவுக்கு.

வாக்குறுதியை ஜூன் 8 அன்று சபையில் வைத்தார். உறுப்பினர்களுக்கு அதில் அவ்வளவு அக்கறை இல்லை, வரி மசோதாக்கள் காத்திருந்தன. அவரே விடாமல் நச்சரித்து நகர்த்தினார். கீழவை 17 திருத்தங்களை அனுப்பியது, செனட் அவற்றை 12 ஆக்கியது, 1791 டிசம்பர் 15க்குள் மாநிலங்களின் ஒப்புதலோடு 10 உறுதியாயின; உரிமைச் சாசனம் என்பது இவைதான். தேர்தல் பயம் காரணமா, மனமாற்றமா என்று கேட்டால் இரண்டும்தான். இன்னொரு கணக்கும் இருந்தது. மத்திய அரசின் பலத்தைக் குறைக்கும் திருத்தங்களுக்காக இரண்டாவது மாநாடு கூட்டுவோம் என்ற கோரிக்கையை இது அடக்கிவிட்டது.

அவர் மிகவும் விரும்பிய திருத்தம் மட்டும் செனட்டில் செத்தது. மனச்சாட்சி, பத்திரிகை, ஜூரி விசாரணை ஆகிய உரிமைகளை மாநிலங்களும் மீறக்கூடாது என்பது அது. விளைவு சிறியதல்ல: உரிமைச் சாசனம் மாநிலங்களைக் கட்டுப்படுத்தாது என்று 1833இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த இடைவெளி அடைபட 1868இன் 14ஆவது திருத்தமும், அதற்கு இருபதாம் நூற்றாண்டில் நீதிபதிகள் தந்த விளக்கமும் தேவைப்பட்டன.

கே: மாநாட்டு விவாதங்களுக்கு மேடிசனின் குறிப்புகளை எவ்வளவு நம்பலாம்?

ப: அதைவிட முழுமையான பதிவு வேறில்லை. ஆனால் அது சுருக்கெழுத்து அல்ல, உட்கார்ந்து கேட்டுக் குறித்து, பிறகு விரித்து எழுதியது. அதிகாரபூர்வ நடவடிக்கைக் குறிப்பு 1819இல் அச்சானபின் அதைப் பார்த்துத் திருத்தங்களும் செய்தார். அவர் உயிரோடிருந்தவரை வெளியிடவில்லை; 1840இல்தான் அச்சானது. ஆராய்ச்சிக்குப் பயன்படுத்துவோர் மற்ற பிரதிநிதிகளின் குறிப்புகளையும் பக்கத்தில் வைத்துப் படிப்பது நல்லது.

கே: பிரிட்டனுடனான 1812 போரில் தலைநகரமே எரிந்தது. தவறு எங்கே?

ப: பணத்தில் தொடங்கலாம். முதல் தேசிய வங்கியின் 20 ஆண்டு உரிமம் 1811இல் முடிந்தது. அதைப் புதுப்பிக்கும் மசோதா செனட்டில் சமநிலையாகி, மேடிசனின் சொந்தத் துணை அதிபர் ஜார்ஜ் கிளின்டனின் ஓட்டால் தோற்றது. அடுத்த ஆண்டே போர். உள்நாட்டு வரி போட காங்கிரஸ் 1813 வரை இழுத்தடித்தது. இடையில் கடன்தான் கதி.

ஆளும் இல்லை. பிரிட்டன் வசமிருந்த கனடா மீதான படையெடுப்பு, சாதாரணக் குடிமக்களைக் கொண்ட மாநிலக் குடிப்படைகளை நம்பியது. மசாசூசெட்ஸ், கனெக்டிகட் ஆளுநர்கள் படை அனுப்ப மறுத்தார்கள். டெட்ராய்டில் ஜெனரல் ஹல் 1812 ஆகஸ்டிலேயே சரணடைந்தார். அக்டோபரில் குயின்ஸ்டன் உச்சியில் சண்டை நடந்தபோது, எல்லை தாண்டிப் போரிடக் கடமையில்லை என்று நியூயார்க் குடிப்படையில் பலர் நயாகரா நதியைக் கடக்காமல் நின்றார்கள். 1814இல் போர் அமைச்சர் ஆர்ம்ஸ்ட்ராங், எதிரி பால்டிமோருக்குத்தான் போவான், வாஷிங்டனுக்கு வரமாட்டான் என்று சாதித்தார். ஆகஸ்ட் 24 அன்று வாஷிங்டனுக்கு அருகே பிளேடன்ஸ்பர்கில் அமெரிக்கப் படை சிதறியது. அன்றிரவே அதிபர் மாளிகையும் நாடாளுமன்றமும் எரிந்தன. ஆர்ம்ஸ்ட்ராங்கை முன்பே நீக்காதது மேடிசனின் குற்றம். தயாரிப்பில் அவ்வளவு கெட்டிக்காரர், ஆட்களை வேலை வாங்குவதில் அவ்வளவு தயக்கம்.

ஒன்றை மட்டும் அவர் பக்கம் எழுதலாம். எதிர்க்கட்சிப் பத்திரிகைகள் அவரைக் கிழித்துத் தொங்கவிட்டன, ஆனாலும் தேசத்துரோகச் சட்டம் எதையும் அவர் கேட்கவில்லை.

கே: வங்கியை எதிர்த்தவர் பிறகு அதே வங்கிக்குக் கையெழுத்திட்டது சந்தர்ப்பவாதமில்லையா?

ப: 1791இல் அரசியல் சட்டத்தில் வங்கிக்கு இடமில்லை என்றார். 1816இல் 3.5 கோடி டாலர் மூலதனத்துடன் இரண்டாவது வங்கிக்குக் கையெழுத்திட்டார். 20 ஆண்டுகள் எல்லா அரசுகளும் மக்களும் ஏற்று நடத்தியபின் அந்தக் கேள்வி தீர்ந்துவிட்டது என்பது அவர் தந்த காரணம். போர்க்காலக் கடன் தந்த பாடமும் இருந்தது. எல்லாவற்றிலும் வளைந்துவிடவில்லை. பதவி முடியும் முன்தினம், 1817 மார்ச் 3 அன்று, சாலைக்கும் கால்வாய்க்கும் பணம் ஒதுக்கிய மசோதாவை, நோக்கம் நல்லதுதான், அரசியல் சட்டத்தில் அதிகாரம் எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்.

கே: அடிமைகள் வைத்திருந்தாரா?

ப: ஆம், மான்ட்பீலியர் பண்ணையில் நூறுக்கும் மேல். மனிதரைச் சொத்து என்று அரசியல் சட்டம் ஒப்புக்கொள்ளக் கூடாது என்று 1787 மாநாட்டில் பேசியவரும் அவரே. உயிலில் ஒருவரையும் விடுவிக்கவில்லை. சம்மதமின்றி விற்கக் கூடாது என்று விருப்பம் தெரிவித்தார். கடனில் இருந்த மனைவி டாலி விற்றார். இதற்குச் சமாதானம் சொல்ல ஒன்றுமில்லை.

கே: உரிமைச் சாசனத்துக்காக மாநிலங்களுக்குப் போன 12 திருத்தங்களில் விடுபட்ட இரண்டு என்ன ஆயின?

ப: ஒன்று, உறுப்பினர்கள் தங்கள் சம்பளத்தை மாற்றினால் அடுத்த தேர்தலுக்குப் பின்னரே அது நடைமுறைக்கு வரும் என்பது. கால வரம்பு எழுதப்படாததால் அது காலாவதியாகவில்லை. 1982இல் டெக்சாஸ் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் இதைக் கண்டுபிடித்து மாநிலங்களுக்குக் கடிதம் எழுதத் தொடங்கினார். 1992இல் ஒப்புதலுக்குத் தேவையான 38 மாநிலங்களைத் தாண்டி 27ஆவது திருத்தமாகியது. மற்றது கீழவையின் அளவு பற்றியது, சட்டப்படி இன்றும் நிலுவையில். நாளைக்கே நிறைவேறினாலும் பெரிய மாற்றமிராது. உறுப்பினர்கள் 200க்குக் குறையக்கூடாது, 50,000 பேருக்கு ஒருவருக்கு மிகக்கூடாது என்பதே அதன் இறுதி வாசகம். இன்றைய 435 இரண்டுக்கும் பொருந்தும்.