அழுதுகொண்டே எழுதிய கதை

கேள்வி: அம்மாவின் மரணத்தை வைத்து ஒரு சிறுகதை எழுதினேன். எழுதும்போது அப்படி அழுதேன். படித்த நண்பர்கள் "நல்லா இருக்கு" என்றார்களே தவிர, ஒருவருக்கும் கண் கலங்கவில்லை. கதையை இணைத்திருக்கிறேன். எங்கே தவறினேன்?

பதில்: இரண்டு முறை படித்தேன். "இதயம் சுக்குநூறானது", "கண்ணீர் வெள்ளமாய்ப் பெருகியது", "உலகமே இருண்டது" என மூன்றும் முதல் பக்கத்திலேயே வந்துவிடுகின்றன. இவை யாருடைய அம்மாவுக்கும் பொருந்துகிற சொற்கள். உங்கள் அம்மாவை அதில் எங்கே தேடுவது? அழ வேண்டியதையெல்லாம் நீங்களே அழுது தீர்த்துவிட்டீர்கள், வாசகருக்கு மிச்சமே வைக்கவில்லை.

என் முதல் கதையும் சாவு வீட்டுக் கதைதான். அப்பா போன ஆறாவது மாதம் எழுதினேன். பத்திரிகையின் உதவி ஆசிரியர் நான்கு பத்திகளைப் பென்சிலால் அடித்துவிட்டு, ஒரே ஒரு வரியை விட்டுவைத்திருந்தார்: அண்ணன் அப்பாவின் மூக்குக்கண்ணாடியை எடுத்து, சட்டை நுனியால் துடைத்து, கூட்டுக்குள் வைத்து மூடினான். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஒரு வாரம் கழித்து எடுத்துப் படித்தபோது அந்த வரியைத் தாண்ட முடியவில்லை. இனி யாரும் போடப்போவதில்லை, எதற்குத் துடைத்தான்? கதையில் நான் அதைக் கேட்கவில்லை. படிக்கிறவர் கேட்டுக்கொள்கிறார்.

1892-ல் லிதியா அவீலோவா என்ற எழுத்தாளருக்கு ரஷ்யச் சிறுகதையாசிரியர் செகாவ் எழுதிய கடிதத்தில் இந்த யோசனைதான் இருக்கிறது. துக்கத்தில் இருப்பவர்களைக் காட்டி வாசகர் மனத்தைத் தொட வேண்டுமென்றால், எழுதுகிறவர் கொஞ்சம் குளிர்ந்து இருக்க வேண்டும். அப்போதுதான் அவர்களுடைய துயரம் துலங்கித் தெரியும் என்கிறார். ஈரமற்றுப் போகச் சொல்லவில்லை. நன்றாக அழுங்கள், முகம் கழுவிவிட்டு வந்து எழுதுங்கள்.

உங்கள் கதையின் ஐந்தாம் பக்கத்தில் மகள் ஏதோ நினைவில் அம்மாவின் எண்ணுக்கு அழைக்கிறாள். பக்கத்து அறையில் மணி அடிக்கிறது. ஓயும்வரை கேட்டுக்கொண்டு நிற்கிறாள். எவ்வளவு பெரிய இடம்! அதை ஒரே வரியில் கடந்துவிட்டீர்களே. அங்கிருந்து தொடங்குங்கள். அந்தக் கைப்பேசித் திரையில் அம்மா மகளை என்ன பெயரில் பதிந்து வைத்திருந்தார்? அதை எழுதுங்கள். முதல் நான்கு பக்கங்களும் வேண்டாம்.

கேள்வி: தினமும் எழுத உட்கார்ந்தால் முதல் வரிக்கே ஒரு மணி நேரம் போய்விடுகிறது.

பதில்: முந்தின நாள் தெரிந்ததையெல்லாம் கொட்டிவிட்டு எழுந்திருப்பீர்கள். அடுத்து என்ன வரும் என்று தெரியும்போதே நிறுத்திவிட வேண்டும். அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வேயின் பழக்கம் இது. நான் வாக்கியத்தையே பாதியில் விட்டுவிடுவேன். "அவள் கதவைத் திறந்தபோது" என்று நிற்கும். மறுநாள் கை தானாகப் போய் முடித்துவிடும்.

கேள்வி: என் கதைகளில் உரையாடல் செயற்கையாக இருக்கிறது என்கிறார்கள்.

பதில்: உங்கள் பாத்திரங்கள் கேட்ட கேள்விக்கெல்லாம் ஒழுங்காகப் பதில் சொல்கிறார்கள். மனத்தாங்கல் உள்ள வீட்டில் அப்படியா பேசுவார்கள்?

"எப்ப வந்தே?"

"விளக்கை அணைச்சிடு."

இதற்குக் கீழே "என்றாள் கோபமாக" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.