பிரியான் ஆய்வகத்தில் மகன்: வீட்டில் யாருக்காவது ஒட்டுமா?

கேள்வி: என் மகன் ஐரோப்பாவில் பிரியான் ஆய்வகம் ஒன்றில் சேர்ந்திருக்கிறான். எலிகளுக்கு அந்த நோயைக் கொடுத்துப் பார்க்கும் வேலையாம். மருந்தே இல்லாத நோய் என்கிறார்கள். ஆடித் திருவிழாவுக்கு அவன் வரும்போது பேரக் குழந்தைகளுக்கு ஒட்டிக்கொள்ளுமா? வேலையை விடச் சொல்லட்டுமா? அவனுக்குப் பிடித்த ஆட்டு மூளை வறுவலாவது செய்யலாமா?
- ஒரு தாய், அம்மாபேட்டை, சேலம்

பதில்: ஒட்டாதும்மா. இருமல், தும்மல், ஒரே தட்டில் சாப்பிடுவது எதிலும் இது பரவாது. கோட்டை மாரியம்மன் கோயிலுக்கு எல்லோரும் சேர்ந்தே போய் வாருங்கள்.

பிரியான் கிருமியே இல்லை. நம் எல்லோர் மூளையிலும் இருக்கும் ஒரு புரதம், மடிப்பு மாறிப்போனால் அதுதான் பிரியான். பாலில் ஒரு ஸ்பூன் தயிர் விட்டால் மொத்தமும் உறைகிறதல்லவா? அதுபோல மடிப்பு மாறிய புரதம் பக்கத்தில் இருக்கும் நல்ல புரதத்தையும் தன்னைப்போல மாற்றிவிடும். தயிரிலாவது உயிருள்ள பாக்டீரியா உண்டு, இதில் உயிரே கிடையாது. 1982-ல் ஸ்டான்லி புருசினர் என்ற அமெரிக்க விஞ்ஞானி இப்படிச் சொன்னபோது பலர் நம்பவில்லை. 1997-ல் அதற்கே நோபல் கிடைத்தது.

மனிதருக்கு வருவதில் முக்கியமானது குருட்ஸ்ஃபெல்ட்-யாக்கோப் நோய். ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஒருவர், இருவருக்குத்தான் வரும். பெரும்பாலும் தானாகவே வருகிறது. மறதி, தள்ளாட்டம் என்று தொடங்கிச் சில மாதங்களில் உயிரைப் பறித்துவிடும். மருந்து இல்லை என்பது உண்மைதான்.

ஆனால் உங்கள் பயம் வேறு இடத்தில் இருக்க வேண்டும். ஆய்வகத்தில் முக்கிய ஆபத்து கூர்முனையில்தான் இருக்கிறது. பிரான்சில் 2010-ல் ஓர் இளம் ஊழியர், நோயுள்ள எலியின் மூளைத் துண்டுகளைக் கையாண்ட இடுக்கியால் கட்டைவிரலில் குத்திக்கொண்டார். இரண்டு கையுறை போட்டிருந்தும் காயம் பட்டது. ஏழு ஆண்டுகள் ஒன்றுமில்லை, பிறகு அறிகுறிகள் வந்தன. 2019-ல் இறந்துபோனார். 2021-ல் அங்கே இன்னோர் ஆய்வக ஊழியருக்கும் நோய் தெரிந்ததும் அரசு ஆய்வகங்கள் இந்த ஆராய்ச்சியையே நிறுத்திவைத்தன.

ஸ்பிரிட், ஃபார்மலின் பிரியானை ஒன்றும் செய்யாது. கருவிகளைச் சுத்தம் செய்ய வழக்கமான 121 டிகிரி நீராவி போதாது. 134 டிகிரி வேண்டும், அல்லது கடுமையான காஸ்டிக் சோடா கரைசல் வேண்டும்.

அதனால் வேலையை விடச் சொல்லாதீர்கள். நானாக இருந்தால் மூன்று கேள்வி கேட்பேன். வெட்டுக் காயம் தாங்கும் கையுறை தருகிறார்களா? ஊசி, கத்திக்குப் பதில் மழுங்கின கருவி வைத்திருக்கிறார்களா? குத்திக்கொண்டால் அன்றே எழுதி வைக்கிறார்களா? கடைசியாகக் கேட்டதுதான் முக்கியம். திட்டு விழும் என்று மறைக்கும் வயசு அது.

அப்புறம், வறுவல். தாராளமாகச் செய்யுங்கள். ஆடுகளுக்கு வரும் ஸ்க்ரேப்பி என்ற பிரியான் நோய் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தெரிந்தது. அது மனிதருக்குத் தாவியதாக இதுவரை நிரூபணமாகவில்லை. கொலஸ்ட்ரால்தான் ஜாஸ்தி.