வேகத்துக்கு ரிக்கெற் விழுந்தால் காப்புறுதி ஏறுமா? ஒன்ராறியோ சாரதிகளின் கேள்விகளும் என் பதில்களும்

ஸ்காபரோவில் வாகனக் காப்புறுதி வேலையில் எனக்குப் பதினான்கு வருடங்கள் ஆகின்றன. திங்கட்கிழமை காலையில் வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி "அண்ணை, ஒரு ரிக்கெற் வாங்கிப்போட்டன், இனி என்ன செய்யிறது" என்றுதான் தொடங்கும். அநேகமாக எல்லோருக்கும் பயம், குற்றத்துக்காக அரசாங்கம் லைசென்ஸில் ஏற்றும் தண்டனைப் புள்ளிகளான பொயின்ற்ஸைப் பற்றியது, காப்புறுதிக் கம்பனியோ பொயின்ற்ஸைப் பார்ப்பதே இல்லை. கேள்விகளை அனுப்பியவர்களுக்கு நன்றி, வந்த ஒழுங்கிலேயே பதில் சொல்கிறேன்.

கேள்வி: 401 நெடுஞ்சாலையில் 100 வலயத்தில் 128இல் போனேன். பொலிஸ்காரர் நல்ல மனிதர், 15 கூட என்று குறைத்து எழுதித் தந்தார். "பொயின்ற்ஸ் இல்லை, காசைக் கட்டிவிட்டுப் போ" என்றார். கட்டட்டுமா அண்ணா?

பதில்: கட்டாதீர்கள், கொஞ்சம் பொறுங்கள். அவர் சொன்னது பொய் இல்லை. வேக எல்லைக்கு மேல் 15 கிலோமீற்றர் வரை பொயின்ற்ஸ் கிடையாது. 16 முதல் 29 வரை 3, 30 முதல் 49 வரை 4, 50உம் அதற்கு மேலும் 6. ஆனால் இந்தக் கணக்கு உங்கள் லைசென்ஸை வைத்திருப்பதா பறிப்பதா என்று அரசாங்கம் பார்க்கும் கணக்கு. குற்றம் நடந்த நாளில் இருந்து இரண்டு வருடத்தில் அது அழிந்துவிடும்.

காப்புறுதிக் கம்பனி பார்ப்பது வேறு. உங்கள் சாரதிப் பதிவை எடுத்து, கடைசி மூன்று வருடத்தில் எத்தனை தரம் குற்றவாளியாகத் தீர்க்கப்பட்டிருக்கிறீர்கள், அவை சின்னதா பெரியதா பாரதூரமானதா என்று எண்ணும். 15 கூடப் போனாலும் 28 கூடப் போனாலும் அங்கே 'ஒரு சின்னக் குற்றம்', அவ்வளவுதான். பொலிஸ்காரர் குறைத்ததில் உங்களுக்குக் கிடைத்த லாபம் மூன்று பொயின்ற்ஸும் கொஞ்சக் காசும். நீதிமன்றம் விதிக்கும் தண்டம் 28 என்றால் கிலோமீற்றருக்கு 4.50 டொலர்ப்படி 126, 15 என்றால் 3 டொலர்ப்படி 45, அதற்கு மேல் வழக்கமான கூடுதல் கட்டணங்கள். காப்புறுதியில் லாபம் எதுவும் இல்லை.

இனி நீங்கள் சொல்லாத ஒன்றைக் கேட்கிறேன்: மூன்று வருடத்துக்குள் இதற்கு முதல் ஏதும் ரிக்கெற் இருக்கிறதா? இல்லை என்றால் பெரிதாகப் பதற வேண்டாம். முதல் சின்ன ரிக்கெற்றுக்குப் பல கம்பனிகள் விலையை ஏற்றுவதில்லை, சிலவற்றில் 'குற்றமற்ற சாரதி' என்ற கழிவு மட்டும் போகும். ஏற்கெனவே ஒன்று இருந்தால் கதை வேறு. இரண்டாவதும் மூன்றாவதும்தான் ஆளை அடிக்கும். அப்போது விசாரணைக்கு முதலே பேசித் தீர்க்க, நிச்சயமாக வழக்குத்தொடுநரைச் சந்திக்கக் கேளுங்கள். நேரே விசாரணைக்குப் போக நினைத்தால் ஒன்றைத் தெரிந்துகொண்டு போங்கள்: குறைத்து எழுதிய வேகத்தை, முன்கூட்டியே உங்களுக்கு அறிவித்துவிட்டு, விசாரணையில் பழைய 128க்கே திரும்ப ஏற்றிக் கேட்க வழக்குத்தொடுநரால் முடியும். 2009இல் ஒன்ராறியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது.

கேள்வி: என் மகனுக்கு 19 வயது, G2 (புதுச் சாரதிகளின் இரண்டாம் படி லைசென்ஸ்). 60 வலயத்தில் 92இல் பிடிபட்டான். என் கார், என் காப்புறுதி. அவன் தானே காசு கட்டுகிறேன் என்கிறான். விடலாமா?

பதில்: விடாதீர்கள் அக்கா. இன்றைக்கு வந்த கேள்விகளில் எனக்கு அதிகம் கவலை தந்தது இதுதான்.

பொயின்ற்ஸைப் பற்றிப் பயப்படாதீர்கள் என்று மேலே சொன்னேன் அல்லவா, G2 பிள்ளைகளுக்கு அந்தப் பேச்சு பொருந்தாது. 32 கூட என்றால் 4 பொயின்ற்ஸ். G1, G2 வைத்திருக்கும் ஒருவர் 4 அல்லது அதற்கு மேல் பொயின்ற்ஸ் உள்ள ஒரு குற்றத்தில் தீர்க்கப்பட்டால் முதல் தரமே 30 நாள் லைசென்ஸ் நிறுத்தம். இரண்டாம் தரம் 90 நாள். மூன்றாம் தரம் லைசென்ஸே ரத்து, எழுத்துப் பரீட்சையில் இருந்து திரும்பத் தொடங்க வேண்டும். அவன் இணையத்தில் காசைக் கட்டிய அந்த நிமிடமே குற்றத்தை ஒப்புக்கொண்டவன் ஆகிறான், நிறுத்தக் கடிதம் பின்னால் தபாலில் வரும். லைசென்ஸ் நிறுத்தம் என்ற சொல் சாரதிப் பதிவில் ஏறினால், வேக ரிக்கெற்றைவிட அதைத்தான் கம்பனிகள் மோசமாகப் பார்க்கும். வழக்குத்தொடுநரோடு பேசி 32 என்பது 29ஆக இறங்கினாலே 3 பொயின்ற்ஸ்தான், நிறுத்தம் இல்லை. அந்த மூன்று கிலோமீற்றருக்காக ஒரு நாள் வேலைக்கு லீவு போட்டுப் பேசுவது முழுக்கத் தகும்.

இன்னொன்றையும் மகனிடம் இருத்திச் சொல்லுங்கள். 80க்குக் குறைந்த வலயத்தில் 40 கிலோமீற்றர் கூடப் போனால் அது வேக ரிக்கெற் இல்லை, ஸ்ரண்ட் ட்ரைவிங். 80உம் அதற்கு மேலும் உள்ள வீதிகளில் 50 கூட, எந்த வீதியானாலும் 150ஐத் தொட்டாலும் அதே குற்றம். மகன் போனது 92, 60 வலயத்தில் அந்தக் குற்றம் தொடங்குவது 100இல். எட்டே எட்டுக் கிலோமீற்றர் தள்ளி நின்றிருக்கிறான். அந்தக் குற்றத்துக்கு வீதியோரத்திலேயே 30 நாள் லைசென்ஸ் போகும், கார் 14 நாள் இழுத்துச் செல்லப்படும், தண்டப்பணம் 2000 டொலரில் தொடங்கி 10,000 வரை. கார் யாருடையது என்று கேட்கமாட்டார்கள். எனக்குத் தெரிந்த ஒரு தாய், மகன் ஓட்டிப் போன காருக்காகக் களஞ்சிய வாடகையையும் கட்டிவிட்டு, இரண்டு கிழமை இரவு வேலைக்கு பஸ்ஸில் போய் வந்தார். காப்புறுதியில் அது பாரதூரமான குற்றம், சாதாரணக் கம்பனிகள் பல கதவைச் சாத்திவிடும்.

மகனால் உங்கள் கட்டணம் தாங்க முடியாமல் போனால், OPCF 28A என்ற படிவத்தில் கையெழுத்திட்டு அவரை உங்கள் காப்புறுதியில் இருந்து விலக்கலாம். ஆனால் அதன் பிறகு அவர் அந்தக் காரின் திறப்பைத் தொடவே கூடாது. கடைக்குப் பால் வாங்கப் போய் இடித்தாலும் காப்புறுதி இல்லாமல் ஓடியதாகத்தான் முடியும்.

கேள்வி: பாடசாலைக்குப் பக்கத்தில் இருந்த வேகக் கமரா என் காரைப் படம் எடுத்து ரிக்கெற் வந்தது. ஓட்டியது மனைவி. யாருடைய காப்புறுதி ஏறும்?

பதில்: யாருடையதும் ஏறாது. கமரா ரிக்கெற் இலக்கத் தகட்டுக்கு வருவது, சாரதிப் பதிவில் ஏறாது, பொயின்ற்ஸும் இல்லை. சிவப்பு விளக்குக் கமராவும் அப்படித்தான். வேகக் கமராக்களை மாகாண அரசு 2025 நவம்பர் 14 முதல் நிறுத்திவிட்டது, ஆனால் அதற்கு முதல் வந்த தண்டப்பணத்தைக் கட்டத்தான் வேண்டும். கட்டாவிட்டால் இலக்கத் தகட்டைப் புதுப்பிக்கும்போது நிற்கும். இப்போது அது தானாகவே புதுப்பிக்கப்படுவதால் பலர் கவனிக்காமல் விட்டு, காலாவதியான தகட்டோடு ஓடிக்கொண்டிருக்கிறார்கள்.

கேள்வி: ஒரு பாராலீகல் (இப்படியான வழக்குகளில் நமக்காகப் பேச உரிமம் பெற்றவர்) 400 டொலர் கேட்கிறார், "பொயின்ற்ஸ் வராமல் பண்ணித் தருவேன், வெல்லாவிட்டால் காசு வேண்டாம்" என்கிறார். நம்பலாமா?

பதில்: அவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள் தம்பி: "வெல்வது என்று நீங்கள் எதைச் சொல்கிறீர்கள்?" பொயின்ற்ஸ் இல்லாமல் 15க்குக் குறைத்துத் தருவதைத்தான் அவர் வெற்றி என்று எழுதி வைத்திருந்தால், 400 டொலருக்கு நீங்கள் வாங்குவது காப்புறுதியில் அதே ஒரு சின்னக் குற்றத்தைத்தான். வேறு குற்றமாக மாற்றி எடுப்பேன் என்றால், அந்தப் புதுக் குற்றத்தைக் கம்பனிகள் எப்படி எண்ணும் என்று ஒப்புக்கொள்ள முதல் உங்கள் முகவரிடம் கேளுங்கள். ஒன்ராறியோ சட்டச் சங்கத்தின் உரிமம் இருக்கிறதா என்பதை அவர்களுடைய இணையத்தளத்தில் ஒரு நிமிடத்தில் பார்க்கலாம். நல்ல பாராலீகல்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், ஸ்ரண்ட் ட்ரைவிங் போன்ற வழக்குகளுக்கு அவர்கள் இல்லாமல் போகவே வேண்டாம். ஆனால் முடிவை முன்கூட்டியே உறுதியாகச் சொல்பவரிடம் காசு கொடுக்க வேண்டாம்.

கேள்வி: அடுத்த மாதம் என் காப்புறுதி புதுப்பிக்க வருகிறது. ரிக்கெற் வாங்கி ஒரு கிழமை. நானே கம்பனிக்கு அழைத்துச் சொல்ல வேண்டுமா?

பதில்: ரிக்கெற் என்பது குற்றச்சாட்டு மட்டும்தான். தீர்ப்பு வரும் வரை சாரதிப் பதிவில் ஒன்றும் இல்லை, நீங்களாக அழைத்துச் சொல்லவும் தேவை இல்லை. படிவத்தில் நேரடியாகக் கேட்டிருந்தால் மட்டும் உண்மையை எழுதுங்கள்.

ரிக்கெற் வாங்கிய நாளில் இருந்து 15 நாளுக்குள் மூன்றில் ஒன்றைத் தெரிவுசெய்ய வேண்டும்: காசைக் கட்டுவது, வழக்குத்தொடுநரைச் சந்திப்பது, விசாரணை கேட்பது. சும்மா இருந்தால் நீங்கள் இல்லாமலே குற்றவாளி என்று தீர்த்துவிடுவார்கள். கம்பனிகள் மூன்று வருடத்தை எண்ணத் தொடங்குவது பிடிபட்ட நாளில் இருந்து அல்ல, தீர்ப்பு நாளில் இருந்து. இன்றைக்கே கட்டினால் அடுத்த மாதம் பதிவை எடுக்கும்போது அது அங்கே இருக்கும். உங்களுக்குச் சட்டப்படி உள்ள சந்திப்பைக் கேட்டீர்கள் என்றால், திகதி கிடைக்கவே அநேகமாகப் புதுப்பித்தல் தாண்டிவிடும்.

கேள்வி: மொன்றியல் போகும் வழியில் கியூபெக் பொலிஸிடம் பிடிபட்டேன். வேறு மாகாணம்தானே?

பதில்: வேறு மாகாணம்தான், ஆனால் பதிவு உங்கள் பின்னாலேயே வரும். கனடாவின் எல்லா மாகாணங்களோடும், அமெரிக்காவில் நியூயோர்க், மிச்சிகன் மாநிலங்களோடும் ஒன்ராறியோவுக்கு உடன்படிக்கை உண்டு. பஃபலோ பக்கம் போகிறவர்களும் இதைக் கவனியுங்கள்.

கேள்வி: எனக்கு 63 வயது, ஆங்கிலம் குறைவு. நீதிமன்றம் என்றாலே பயமாக இருக்கிறது, பேசாமல் கட்டிவிடலாமா தம்பி?

பதில்: பயப்பட ஒன்றும் இல்லை அம்மா. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முதலிலேயே எழுதிக் கொடுத்தால் இலவசமாக ஒழுங்கு செய்து தருவார்கள். பல இடங்களில் இப்போது தொலைபேசியிலோ காணொளியிலோ பேசலாம். வழக்குத்தொடுநரோடு பேசுவது விசாரணை இல்லை, சமாதான நீதவான் முன்னால் நின்று சாட்சி சொல்லும் வேலையும் அங்கே இல்லை. எத்தனை வருடம் ரிக்கெற் இல்லாமல் ஓட்டுகிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள், அதற்கு மதிப்பு உண்டு.

கேள்வி: மூன்று வருடத்துக்குள் மூன்று ரிக்கெற். கம்பனி புதுப்பிக்க மறுத்துவிட்டது, வேறு இடத்தில் கேட்கும் விலை என் கார் தவணையைவிடக் கூட. ஆறு மாதம் காப்புறுதி இல்லாமல் மெதுவாக ஓட்டலாமா, அல்லது காரைத் தம்பியின் பெயரில் போடலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம் சகோதரம். உங்கள் நெருக்கடி விளங்குகிறது, ஆனால் காப்புறுதி இல்லாமல் பிடிபட்டால் முதல் தரத்துக்கே ஆகக் குறைந்த தண்டம் 5000 டொலர். தம்பி பெயரில் போட்டு நீங்கள் ஓட்டினால் அது பொய்த் தகவல், இடிபட்ட அன்றைக்குக் கம்பனி விசாரித்துக் கைவிரித்துவிடும்.

எல்லோரும் மறுத்தாலும் ஃபசிலிற்றி அசோசியேஷன் என்ற கடைசி வழி இருக்கிறது, விலை கூட, ஆனால் சட்டப்படி காப்புறுதி. மாதக் கட்டணத்தை ஒரு தரமும் தவறவிடாதீர்கள், காசு கட்டாததால் ரத்தானது என்ற பதிவும் ரிக்கெற்றைப் போலவே உங்களைத் துரத்தும். பிறகு சேர்விஸ் ஒன்ராறியோவில் உங்கள் மூன்று வருடச் சாரதிப் பதிவை எடுத்து, முதலாவது தீர்ப்பு எந்தத் திகதி என்று பாருங்கள். மூன்று தீர்ப்பு இரண்டாகும் நாளில் பல கம்பனிகள் திரும்பவும் உங்களை எடுக்கும், விலையும் இறங்கும். அந்தத் திகதியை எனக்கு எழுதி அனுப்புங்கள், அதற்கு ஒரு மாதம் முன்னரே விலை கேட்கத் தொடங்குவோம்.