தைராய்டை எடுத்த பிறகு "புற்று இல்லை" என்ற ரிப்போர்ட்

அம்மாவுக்குப் புற்று என்று தைராய்டை முழுசாக எடுத்துவிட்டு, பயாப்ஸியில் புற்றே இல்லையென்றால் வழக்குப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த பயாப்ஸி மட்டும் போதாது. ஆபரேஷனுக்கு முந்தைய ஊசிப் பரிசோதனையில் பெதெஸ்டா எண் (ஊசியில் வந்த செல்களை 1 முதல் 6 வரை வகைப்படுத்தும் எண்) என்ன? அதில்தான் விஷயம்.

4 என்றால், புற்றா இல்லையா என்பது எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். கட்டி தன் உறையைத் துளைத்திருக்கிறதா என்பதை ஊசியில் வரும் செல்கள் காட்டாது. அப்போதும் பெரும்பாலும் ஒரு பக்கம்தான் எடுப்பார்கள். இரண்டையும் எடுத்த காரணம் கேஸ் ஷீட்டில் இருக்கிறதா பாருங்கள். 2 (புற்றல்லாத கட்டி) என்றிருந்து, மூச்சு, விழுங்கல் தொந்தரவும் இல்லையென்றால் உங்கள் பக்கம் வலு.

ஒப்புதல் படிவத்தோடு, ஊசிப் பரிசோதனை ஸ்லைடுகளையும் எழுத்துமூலம் கேட்டு, வேறொரு பேத்தாலஜிஸ்டிடம் காட்டுங்கள். தவறு ஸ்லைடைப் படித்தவருடையதா, கத்தி வைத்தவருடையதா என்பது அதில் பிரியும். வழக்குக்குக் காலவரம்பு உண்டு, தள்ளிப்போடாதீர்கள்.

தைராய்டை முழுசாக எடுத்தபின் ரத்தத்தில் கால்சியம் குறையலாம்; அம்மாவுக்கு உதடும் விரலும் மரத்துப்போனால், கால்சியம் அன்றே பார்க்கணும்.