மாமியார் வீட்டுத் தகரப்பெட்டி

கேள்வி: ஐயா, நான் கோத்தகிரி பக்கம். அப்பா 1974-ல் சிலோனிலிருந்து கப்பலேறி மண்டபம் வழியாக வந்து, அரசுத் தேயிலைத் தோட்டமான டான்டீயில் வேலை பார்த்தவர். நான் 1978-ல் இங்கேதான் பிறந்தேன். என் மனைவி 1984-ல் வவுனியாவில் பிறந்தவர். 1990-ல், ஆறு வயதில், பெற்றோருடன் படகில் வந்து பவானிசாகர் முகாமில் வளர்ந்தார். மாமனார் குடும்பம் முதலில் நுவரெலியா பக்கம் தோட்டத்தில் இருந்ததாம், 1977 இனக் கலவரத்துக்குப் பிறகு வவுனியா போனார்களாம். எங்களுக்கு 2006-ல் கல்யாணம். மகள் 2008 டிசம்பரில் பிறந்தாள், மகன் 2012-ல். மகளுக்குப் பாஸ்போர்ட் போட்டோம். போலீஸ் விசாரணையில் ‘தாயார் இலங்கை அகதி’ என்று எழுதிவிட்டார்கள். இப்போது தாயாரின் குடியுரிமைக்கு ஆதாரம் கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது. டீக்கடையில் எங்கள் காதில் விழும்படியே ‘கள்ளக் குடியேறி’ என்று பேசுகிறார்கள். ஊட்டியில் ஒருவர் 60,000 ரூபாய் கொடுத்தால் மனைவிக்கு வாக்காளர் அட்டையும் பாஸ்போர்ட்டும் எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். மனைவியை நாடு கடத்திவிடுவார்களா? என் பிள்ளைகள் இந்தியர்களா இல்லையா?

பதில்: முதலில் அந்த அறுபதாயிரம் ரூபாய் ஆளை முடித்துவிடுவோம். முன்பணம் கொடுத்திருந்தால் போனது போகட்டும், இனி அவர் போன் செய்தால் எடுக்காதீர்கள். குடிமகனல்லாதவர் பெயரை வாக்காளர் பட்டியலில் சேர்க்கப் பொய் உறுதிமொழி கொடுத்தால், மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி ஓராண்டு வரை சிறை. பாஸ்போர்ட் விஷயம் அதைவிடக் கடுமை. 2025 செப்டம்பர் 1 முதல் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டம் என்று ஒரு புதிய சட்டம் நடைமுறையில் இருக்கிறது. போலியாகவோ மோசடியாகவோ வாங்கிய பாஸ்போர்ட்டைத் தெரிந்தே பயன்படுத்தி இந்தியாவில் தங்கினால், அதில் குறைந்தது 2 ஆண்டு, போனால் 7 ஆண்டு வரை சிறை. கூடவே 1 லட்சம் முதல் 10 லட்சம் வரை அபராதம். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இன்றைய தேதியில் உங்கள் மனைவி மேல் ஒரு குற்றமும் இல்லை. அந்த ஆள் கொண்டுவந்து தரும் நாளில்தான் குற்றமே பிறக்கும். ஆதார் அட்டை வேறு விஷயம். அது இங்கே குடியிருப்பவர் யாருக்கும் கிடைக்கும், ஆனால் குடியுரிமைக்கு அது சான்றாகாது.

அடுத்து, நாடு கடத்தல். அகதிகள் பற்றிய 1951-ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்துப் போடவில்லை. தஞ்சம் கேட்டு வருபவரை இன்னின்ன முறையில் விசாரிக்க வேண்டும் என்று நமக்கென ஒரு சட்டமும் கிடையாது. குடியுரிமைச் சட்டத்தில் இருப்பது ‘சட்டவிரோதக் குடியேறி’ என்ற ஒரே பெட்டிதான். முறையான பாஸ்போர்ட் இல்லாமல் நுழைந்த வெளிநாட்டவர், விசா முடிந்தும் தங்கிவிட்ட வெளிநாட்டவர் எல்லோரையும் அதில் போட்டு மூடி வைத்திருக்கிறார்கள். ஷெல்லுக்குப் பயந்து அம்மா இடுப்பில் உட்கார்ந்து வந்த ஆறு வயதுக் குழந்தையும் கடத்தல் தொழிலுக்கு வந்தவனும் அந்த வரையறைக்கு ஒன்றுதான். வக்கீலாக இருபது வருடமாக இந்தப் பத்தியைப் படித்துக் காட்டியே கட்சிக்காரர்களை அனுப்பி வைக்கிறேன், இன்னும் எனக்குப் பழகவில்லை.

ஆனால் புதிய சட்டத்தோடு சேர்த்தே ஒரு விலக்கு ஆணையும் வந்திருக்கிறது. 2015 ஜனவரி 9 வரை இந்தியாவில் அடைக்கலம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட், விசா இல்லாமல் இருப்பது பற்றிய விதிகள் பொருந்தாது. உங்கள் மனைவி வந்தது 1990-ல். தேதி பிரச்சினை இல்லை. நான் கவலைப்படுவது ‘பதிவு செய்துகொண்ட’ என்ற சொல்லைப் பார்த்துத்தான். முகாமில் வளர்ந்த பெண்கள் வெளியே கல்யாணம் கட்டிக்கொண்டு வரும்போது முகாம் பதிவேட்டில் பெயரை அடித்துவிடுவார்கள், குடிவந்த ஊர் போலீஸ் ஸ்டேஷனில் ‘முகாமுக்கு வெளியே வாழும் அகதி’ என்று வெளிப்பதிவு செய்யச் சொல்லி யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். உங்கள் மனைவியின் பதிவு இப்போது எங்கே இருக்கிறது? பவானிசாகரிலா, கோத்தகிரியிலா, இரண்டிலும் இல்லையா? இந்த வாரமே கேளுங்கள். இரண்டிலும் இல்லையென்றால் உடனே என்னையோ மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவையோ பாருங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அங்கே வக்கீல் இலவசம், வருமானச் சான்றிதழ்கூடத் தேவையில்லை.

2025 மே மாதம் சுப்ரீம் கோர்ட் ‘இந்தியா என்ன தர்மசாலையா’ என்கிற பாணியில் கேட்டது டிவியில் ஓடியதே, அது உங்கள் டீக்கடைக்கும் வந்து சேர்ந்திருக்கும். அந்த வழக்கு உபா (சட்டவிரோதச் செயல்கள் தடுப்பு) சட்டத்தில் தண்டனை பெற்று முடித்த ஒருவர், தன்னைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று போட்டது. விசாரணையில் நீதிபதி வாய்மொழியாகச் சொன்ன வார்த்தையை வைத்துக்கொண்டு பதிவு பெற்ற குடும்பங்களை யாரும் மூட்டை கட்டச் சொல்ல முடியாது. அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு உயிரையும் சுதந்திரத்தையும் ‘எந்த நபருக்கும்’ காக்கிறது, ‘குடிமகனுக்கு’ என்று எழுதவில்லை. 1996-ல் அருணாசலப் பிரதேச சக்மா அகதிகள் வழக்கில் அதே சுப்ரீம் கோர்ட் சொன்னதும் இதைத்தான்.

டீக்கடைப் பேச்சைப் பற்றியும் ஒரு வார்த்தை. மலையில் இன்று ‘வெளியாட்கள்’ என்று மூன்று கூட்டத்தை ஒரே வாயால் திட்டுகிறார்கள். எஸ்டேட் லைன்களில் வந்து தங்கியிருக்கும் அசாம், ஜார்கண்ட் தொழிலாளர்கள் ஒன்று. அவர்கள் இந்தியர்கள், நாட்டின் எந்த மூலையிலும் வேலை செய்யலாம். முகாம் மக்கள் இன்னொன்று. மூன்றாவது உங்கள் அப்பா மாதிரி தாயகம் திரும்பியோர். இவர்கள் யாரும் திருட்டுத்தனமாக வரவில்லை. இரண்டு பிரதமர்கள் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பிரித்துக்கொண்ட மக்கள். 1964 அக்டோபர் 30-ல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம். இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரில் எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாத நாடற்றவர்கள் 9,75,000 பேர் என்று வைத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974-ல் ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டார்கள். ‘உனக்கு எங்கே போக இஷ்டம்’ என்று தோட்டத்தில் கொழுந்து பறித்தவரிடம் யாரும் பெரிதாகக் கேட்டதாகத் தெரியவில்லை. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் அரசு இந்த மலையில் தேயிலை போட்டது, அதுதான் டான்டீ. அவர்கள் வைத்த செடியில் பறித்த தூளைக் குடித்துக்கொண்டே ‘கள்ளக் குடியேறி’ என்று பேசுகிறவர்களிடம் நீங்கள் சண்டைக்குப் போக வேண்டாம். அங்கே ஜெயித்தாலும் பாஸ்போர்ட் அலுவலகத்தில் அது எடுபடாது.

சரி, பிள்ளைகள் விஷயத்துக்கு வருவோம். கஷ்டம் இங்கேதான்.

இந்தியாவில் பிறந்தால் இந்தியர் என்பது ஒரு காலத்தில்தான் உண்மை. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இங்கே பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பால் இந்தியர். நீங்கள் 1978, உங்களை யாரும் அசைக்க முடியாது. திருச்சி கொட்டப்பட்டு முகாமில் வாழும் ஒரு பெண்ணுக்கு 2022-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வு பாஸ்போர்ட் கொடுக்கச் சொன்னது இதை வைத்துத்தான். பெற்றோர் இருவரும் அகதிகள், ஆனால் அவர் மண்டபம் முகாமில் 1986-ல் பிறந்தவர். 1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 2 வரை பிறந்தவர்களுக்கு அப்பா அம்மாவில் ஒருவர் இந்தியராக இருந்தால் போதும். 2004 டிசம்பர் 3 முதல் விதி மாறியது: இருவரும் இந்தியராக இருக்க வேண்டும், அல்லது ஒருவர் இந்தியராகவும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறி அல்லாதவராகவும் இருக்க வேண்டும்.

உங்கள் மகள் 2008. ஆகவே அவளுடைய குடியுரிமை அவள் அம்மா எப்படி வந்தார் என்பதில் போய் மாட்டிக்கொள்கிறது. நான் சொன்ன விலக்கு ஆணை உங்கள் மனைவியைத் தண்டனையிலிருந்து காப்பாற்றுமே தவிர, குடியுரிமைச் சட்டத்தில் அந்தப் பெட்டியிலிருந்து வெளியே எடுக்கும் என்று நான் உறுதி தர மாட்டேன். 2019-ல் திருத்திய சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றிலிருந்து வந்த சிறுபான்மையினரை வெளியே எடுத்தது. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. ஏன் இல்லை என்று கேட்காதீர்கள், அதற்குச் சட்டத்தில் பதில் கிடையாது.

இப்போதுதான் நான் உங்களிடம் கேட்க வேண்டிய கேள்வி. மாமனார் குடும்பம் நுவரெலியாத் தோட்டத்தில் இருந்தது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான். தோட்டத்து ஆட்கள் என்றால், மாமனாரின் அப்பா ஒப்பந்தத்தின் கீழ் இந்தியக் குடியுரிமைக்கு எழுதிக் கொடுத்தாரா? கண்டியில் இருந்த இந்திய உதவித் தூதரகத்தில் குடியுரிமை பதிவாகிப் பாஸ்போர்ட்டும் கையில் வாங்கிய பிறகு, வீட்டில் ஒரு சாவு, ஒரு கல்யாணம், வர வேண்டிய சேமநிதிப் பணம் என்று ஏதோ ஒன்றுக்காகக் கிளம்பாமல் தள்ளிப்போட்டவர்கள் ஏராளம். 1984-ல் தலைமன்னார் கப்பல் நின்றுபோனது. அதன் பிறகு இந்தியப் பாஸ்போர்ட்டைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டே படகில் வந்து ‘இலங்கை அகதி’ என்று பதிவானவர்கள் இருக்கிறார்கள். பதிவு செய்யும் இடத்தில் அவர்களிடம் யாரும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

அப்படி ஒரு பாஸ்போர்ட்டில் அல்லது பதிவுச் சான்றிதழில் உங்கள் மாமனார் பெயர், சிறு பையனாகவாவது, சேர்க்கப்பட்டிருந்தால் கதை அடியோடு மாறும். அவர் இந்தியக் குடிமகன். 1992-க்கு முன் வெளிநாட்டில் பிறந்த குழந்தைக்கு அப்பா வழியாகத்தான் குடியுரிமை வரும். 1984-ல் உங்கள் மனைவி பிறந்தபோது அப்பா இந்தியர் என்றால் அவரும் இந்தியர். சட்டவிரோதக் குடியேறி என்ற வரையறை ‘வெளிநாட்டவர்’ என்றுதான் ஆரம்பிக்கிறது, ஆகவே அது அவரைத் தொடவே தொடாது. பிள்ளைகளும் பிறப்பால் இந்தியர்கள். அகதி என்று பதிந்துவிட்டதாலேயே குடியுரிமை போய்விடாது. ஒரே ஒரு ஆபத்து: இடையில் மாமனார் தானாக மனுப் போட்டு இலங்கைக் குடியுரிமை வாங்கியிருக்கிறாரா என்பது. அதை மாமியாரிடம் நிதானமாகக் கேளுங்கள். வயதானவர், மிரட்டுகிற மாதிரிக் கேட்டால் ‘ஒண்ணும் இல்ல தம்பி’ என்றுதான் பதில் வரும்.

மாமியார் வீட்டுத் தகரப்பெட்டியில் ஒன்றும் இல்லாவிட்டாலும் அலுவலகங்களில் இருக்கலாம். மாமனாரின் அண்ணன் தம்பி யாராவது கப்பலில் முறைப்படி வந்திருந்தால் தாயகம் திரும்பியோர் என்று கொடுக்கப்பட்ட குடும்ப அட்டை அவர்களிடம் இருக்கும். கூடலூர், பந்தலூர், கொடைக்கானல் என்று எங்கேயாவது ஒரு சித்தப்பா இருப்பார். சென்னை மறுவாழ்வுத் துறை ஆணையரகத்துக்கும் வெளியுறவு அமைச்சகத்துக்கும் தகவல் உரிமை மனு போடுங்கள். மனு உங்கள் பெயரில் போகட்டும், மனைவி பெயரில் வேண்டாம். அந்தச் சட்டத்தில் கேட்கும் உரிமை குடிமக்களுக்கு மட்டும்தான்.

எங்குமே காகிதம் கிடைக்கவில்லை என்றால்? மகளுக்கு இன்னொரு வழி இருக்கிறது, ஆனால் அதற்கு நாள் குறித்தாயிற்று. குடியுரிமைச் சட்டம் பிரிவு 5(4): சிறப்புச் சூழ்நிலை இருந்தால் மத்திய அரசு எந்த மைனரையும் குடிமகனாகப் பதிவு செய்யலாம். இங்கேயே பிறந்த குழந்தை எங்கிருந்தும் ‘நுழையவில்லை’, ஆகவே அவள் சட்டவிரோதக் குடியேறி ஆக முடியாது என்பது நம் முதல் வாதம். அப்பா, இங்கே பிறந்த இந்தியர் என்பது இரண்டாவது. உள்துறை அமைச்சக இணையதளத்தில் விண்ணப்பித்து, அச்செடுத்து, கலெக்டர் அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்க வேண்டும். அவளுக்கு 18 முடிவதற்குள் இது நடந்தாக வேண்டும். பதினெட்டு தாண்டினால், இந்திய வம்சாவளியினர் ஏழாண்டு இங்கே வசித்தால் பதிவு கேட்கலாம் என்ற 5(1)(அ) இருக்கிறது, வாதிடவும் இடமுண்டு. ஆனால் திறந்திருக்கும் கதவை விட்டுவிட்டுத் தட்ட வேண்டிய கதவுக்குப் போவானேன்? மகனுக்கும் சேர்த்தே போடுங்கள்.

மனைவிக்கு இப்போதைக்குச் சுற்று வழிதான். தோட்டத் தமிழ் வம்சாவளி அகதிகள் 65 பேர் போட்ட வழக்கில் 2019 ஜூன் 17-ல் மதுரை அமர்வு, அவர்களுடைய குடியுரிமை விண்ணப்பங்களை மத்திய அரசு பரிசீலித்து முடிவெடுக்க வேண்டும் என்றது. நீலகிரி சென்னை அமர்வின் எல்லையில் வருகிறது, ஆனால் உயர் நீதிமன்றம் ஒன்றுதான், அந்தத் தீர்ப்பைக் காட்டி வாதாடலாம். விண்ணப்பம் போட்டு வையுங்கள். உடனே கிடைக்கும் என்று நான் சொன்னால் நானும் அந்த ஊட்டி ஆளும் ஒன்று.

பாஸ்போர்ட் அலுவலகக் கடிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள். தாயார் இந்தியர் என்றும் எழுத வேண்டாம், இல்லை என்றும் எழுத வேண்டாம். ‘தாயாரின் தந்தையின் குடியுரிமை ஆவணங்களைத் திரட்டி வருகிறோம், அவகாசம் வேண்டும்’ என்று இரண்டு வரி, பதிவுத் தபாலில். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், மேல்முறையீட்டுக்கு அது வேண்டும்.

மாமியாரின் பெட்டியை வருகிற ஞாயிற்றுக்கிழமையே போய்த் திறங்கள். உள்ளே கிடைப்பதை அப்படியே செல்போனில் படம் எடுத்துவிட்டு, ஒரு பழைய நோட்டுக்குள் வைத்து எடுத்து வாருங்கள். லேமினேஷன் மட்டும் போடாதீர்கள். கெங்கரையிலிருந்து வந்த ஒரு பெரியவர் ‘பத்திரமா இருக்கட்டும்னு போட்டேன் சார்’ என்று தன் குடும்ப அட்டையை நீட்டினார். சூட்டில் அந்த ஊதா முத்திரை மொத்தமும் கரைந்து, மூத்த மகன் பெயரின் மேல் ஒரு மைக்கறையாக நின்றிருந்தது.