வளர்ப்பும் ரத்ததானமும்

வணக்கம் சார், நாங்க நாலஞ்சு பேர் சேர்ந்து ரத்ததான குரூப் நடத்துறோம். பாதிப் பேர் ஒரு தடவை குடுத்து ஸ்டேட்டஸ் வச்சதோட சரி, சிலர் மட்டும் கூப்பிடாமலே வர்றாங்க. இதெல்லாம் வளர்ப்புதானா? எங்கப்பா யாருக்கும் எதுவும் குடுத்ததில்ல, குடுக்கணும்னு சொன்னதும் இல்ல. நானும் ஒருநாள் பாதியில விட்ருவேனோன்னு இருக்கு.
- ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

வளர்ப்புக்குப் பங்கு இருக்கு, ஆனா நீங்க பயப்படுற மாதிரி இல்ல. அமெரிக்காவுல 1960கள்ல கறுப்பின மக்களோட உரிமைக்காக வேலை செஞ்சவங்கள டேவிட் ரோசன்ஹன்ங்கிற உளவியலாளர் பேட்டி எடுத்தாரு, ஒரு வருஷமோ அதுக்கு மேலயோ நின்னவங்க வீட்ல அப்பா அம்மாவே அந்த மாதிரி காரியத்துல இறங்கினவங்களா இருந்திருக்காங்க, ஒண்ணு ரெண்டு தடவையோட நின்னுபோனவங்க வீட்ல உபதேசம் இருந்துச்சு, செயல் இல்ல. பிள்ளைங்கள கெடுக்கிறது அந்த ரெட்டை வேஷம்தான்னு நான் நினைக்கிறேன். உங்கப்பா குடுக்கல, சரி, ஆனா ஊருக்கு உபதேசமும் பண்ணலயே.

இன்னொண்ணு, ஜேன் பிலியாவின், பீட்டர் கலேரோங்கிற ரெண்டு ஆய்வாளர்கள் ரத்தம் குடுக்கறவங்களையே ஆராய்ஞ்சாங்க. ஆரம்பத்துல வீடு, நண்பர்கள்னு மத்தவங்க தூண்டுதல் பெருசா இருக்கு, குடுக்க குடுக்க "நான் டோனர்"ங்கிற நினைப்பு உள்ள ஊறிடுது, அப்புறம் அதுவே கூட்டிட்டு வருது. அதாவது நல்ல மனசு வந்தப்புறம்தான் குடுக்கணும்னு இல்ல, குடுத்தே அந்த மனசு வரலாம், இது எனக்கு ரொம்ப நம்பிக்கை தர்ற விஷயம்.

அதனால முதல் தடவை குடுத்தவர அவசரம் வந்தா மட்டும் தேடாதீங்க. ஆம்பளைங்களுக்கு 90 நாள், பொம்பளைங்களுக்கு 120 நாள் இடைவெளி வேணும்ல, அது முடியுற வாரம் ஒரு போன் போடுங்க, அடுத்த கேம்ப்ல ரிஜிஸ்டர் எழுத உக்கார வைங்க.

கேம்ப்ல இன்னொரு கூட்டத்த நாம கவனிக்கிறதே இல்ல. காலையிலேயே ஆசையா வந்து நிப்பாங்க, விரல்ல குத்திப் பாத்தா ஹீமோகுளோபின் 11.8, குறைஞ்சது 12.5 வேணும், "இல்லம்மா, நீங்க குடுக்க முடியாது"ன்னு அனுப்பிடுவாங்க. அந்தப் பொண்ணு மனசுல என்ன பதியும்? நான் இதுக்கு லாயக்கில்லன்னுதானே! ஜூஸ், சர்டிபிகேட் எதுவும் இல்லாம தலைய குனிஞ்சு போறவங்க பெரும்பாலும் திரும்பி வர்றதில்ல. டாக்டர்கிட்ட காட்டிட்டு, சரியானதும் வாங்க, அதுவரைக்கும் போன் பண்ற வேலையில எங்களோட இருங்கன்னு யாராவது பக்கத்துல உக்காந்து சொல்லணும். உங்க ரிஜிஸ்டர்ல அவங்க நம்பர் இருந்தா இந்த வாரமே கூப்பிடுங்க.