வாசகர் கேள்விகள்: இந்திய இளையோர் கால்பந்து அணி

கேள்வி: 2017-இல் நம் நாட்டிலேயே நடந்த 17 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பையில் இந்தியா மூன்று ஆட்டங்களிலும் தோற்றது. அந்த அணியை ஏன் இன்றும் பெருமையாகப் பேசுகிறார்கள்? (மதுரை வாசகர்)

பதில்: போட்டியை நடத்தும் நாடு என்ற முறையில்தான் நமக்கு அந்த இடம் கிடைத்தது; தகுதிச் சுற்றில் வென்று பெற்றதன்று. அமெரிக்காவிடம் 0-3, கொலம்பியாவிடம் 1-2, கானாவிடம் 0-4 என்று தோற்றோம். அடித்தது ஒரு கோல், வாங்கியது ஒன்பது. இந்தக் கணக்கை மறைத்துவிட்டுப் பெருமை பேசுவது சரியில்லை என்பதில் நான் உங்கள் பக்கம்தான்.

ஆனாலும் ஆட்டங்களைப் பார்த்தவர்களுக்கு இந்த எண்கள் முழுக் கதையையும் சொல்வதில்லை. அமெரிக்காவுக்கு எதிராக 0-2 என்று பின்தங்கியிருந்த நிலையில் அன்வர் அலி அடித்த பந்து குறுக்குக் கம்பத்தில் மோதித் திரும்பியது; திரும்பிய வேகத்திலேயே எதிரணி பந்தை இந்தப் பக்கம் கொண்டுவந்து மூன்றாவது கோலைப் போட்டுவிட்டது. மூன்று நாள் கழித்து, அக்டோபர் 9 அன்று, புது தில்லி ஜவாஹர்லால் நேரு அரங்கில் கொலம்பியாவைச் சந்தித்தோம். முதல் பாதியின் இறுதியில் கே.பி. ராகுல் அடித்த பந்து கோல் கம்பத்தில் பட்டுத் தெறித்தது. இரண்டாம் பாதியின் தொடக்கத்தில் கொலம்பியா முந்தியது. 82-ஆவது நிமிடத்தில் இந்தியாவுக்குக் கார்னர் கிடைத்தது. சஞ்சீவ் ஸ்டாலின் வளைத்து அனுப்பிய பந்தை, தடுப்பாட்டக்காரர்களின் தலைகளுக்கு மேலே எழும்பி, மணிப்பூரைச் சேர்ந்த ஜீக்சன் சிங் தலையால் முட்டி வலைக்குள் தள்ளினார். ஃபிஃபா உலகக் கோப்பைப் போட்டி ஒன்றில் இந்தியா அடித்த முதல் கோல் அதுதான். அரங்கத்தின் ஆரவாரம் அடங்குவதற்குள், அடுத்த நிமிடமே, பெனாலோசா தம்முடைய இரண்டாவது கோலை அடித்து ஆட்டத்தை மீண்டும் கொலம்பியாவின் கைக்குக் கொண்டுபோய்விட்டார்.

கோல் அடித்த மகிழ்ச்சியில் மொத்த அணியும் முன்னே நின்றுவிட்ட அந்த ஒரு நிமிடத்தைப் பதினாறு, பதினேழு வயதுப் பையன்களின் அனுபவக் குறைவு என்றுதான் சொல்ல வேண்டும். பயிற்சியாளர் லூயிஸ் நோர்ட்டன் டி மாட்டோஸ் பொறுப்பேற்றதே போட்டிக்கு ஏழு மாதங்களுக்கு முன்புதான் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பெருமைக்குரியது முடிவன்று, அவ்வளவு குறைந்த தயாரிப்பில் அந்தக் களத்தில் அவர்கள் ஒதுங்கி நிற்காமல் ஆடிய விதம்.

கேள்வி: இந்திய இளையோர் அணி ஆசிய அளவில் எப்போதாவது கோப்பை வென்றதுண்டா? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: உண்டு, ஒரே ஒரு முறை. 1974-இல் பாங்காக்கில் நடந்த ஆசிய இளையோர் போட்டியின் இறுதி ஆட்டம் 2-2 என்று சமனில் முடிய, இந்தியாவும் ஈரானும் கூட்டாகப் பட்டம் பெற்றன. அணித் தலைவர் ஷபீர் அலி. தெற்காசிய அளவில் என்றால் பட்டங்கள் பல. 2022-இல் புவனேசுவரத்தில் வங்கதேசத்தை 5-2 என்று வென்று 20 வயதுக்கு உட்பட்டோர் கோப்பையைக் கைப்பற்றியது அவற்றில் ஒன்று.

கேள்வி: அர்ஜென்டினாவை நம் பையன்கள் தோற்கடித்தார்கள் என்கிறார்களே, உண்மையா? (சேலம் வாசகர்)

பதில்: முற்றிலும் உண்மை. 2018 ஆகஸ்டில் ஸ்பெயின் நாட்டின் வலென்சியா பகுதியில் நடந்த கோட்டிஃப் போட்டியில், 20 வயதுக்கு உட்பட்ட இந்திய அணி அர்ஜென்டினாவை 2-1 என்று வென்றது. தொடக்க நிமிடங்களிலேயே தீபக் டாங்ரி ஒரு கோல் போட்டார். இரண்டாம் பாதியில் அனிகேத் ஜாதவ் சிவப்பு அட்டை பெற்று வெளியேற, பத்துப் பேரோடு ஆடிய நிலையில் அன்வர் அலி ஃப்ரீ கிக் மூலம் இரண்டாவது கோலை அடித்தார். எதிரணியின் பயிற்சியாளர், 2022-இல் அர்ஜென்டினாவுக்கு உலகக் கோப்பை வென்று தந்த அதே லியோனல் ஸ்கலோனி. நம்மிடம் தோற்ற அந்த அணிதான் இறுதியில் கோட்டிஃப் பட்டத்தையும் வென்றது. ஆனால் இது அழைப்பின் பேரில் ஆடப்படும் போட்டி என்பதை நினைவில் வையுங்கள். தகுதிப் போட்டிகளின் அழுத்தம் இதில் கிடையாது.

கேள்வி: அண்மைக் கால இளையோர் அணிகளில் சிறந்தது எது? (கோவை வாசகர்)

பதில்: என் மதிப்பீட்டில், அதிகம் பேசப்படாத ஓர் அணி: 2018-இல் மலேசியாவில் நடந்த ஆசியப் போட்டியில் ஆடிய 16 வயதுக்கு உட்பட்டோர் அணி. பயிற்சியாளர் பிபியானோ ஃபெர்னாண்டஸ். முதல் ஆட்டத்தில் விக்ரம் பிரதாப் சிங்கின் பெனால்டி கோலால் வியட்நாமை 1-0 என்று வென்றது. ஈரானுடனும் இந்தோனேசியாவுடனும் கோல் இல்லாமல் சமன் செய்தது. ஈரானுக்குக் கிடைத்த பெனால்டியைக் கோல் கீப்பர் நீரஜ் குமார் தடுத்தார். பிரிவுச் சுற்றில் ஒரு கோல்கூட வாங்காமல், 16 ஆண்டுகளுக்குப் பிறகு இந்தியாவைக் கால் இறுதிக்குக் கொண்டுசென்ற அணி அது.

கால் இறுதியில் எதிரணி தென் கொரியா. அந்த ஒரு ஆட்டத்தை வென்றிருந்தால், 2019-ஆம் ஆண்டின் 17 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பைக்கு இந்தியா சொந்தத் திறமையாலேயே தகுதி பெற்றிருக்கும். 67-ஆவது நிமிடத்தில் விழுந்த ஒரு கோல் அந்த வாய்ப்பைப் பறித்துவிட்டது. 2017 அணிக்குக் கிடைத்த வெளிச்சத்தில் பாதிகூட இவர்களுக்குக் கிடைக்கவில்லை என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

2023-இல் தாய்லாந்தில் நடந்த 17 வயதுக்கு உட்பட்டோர் ஆசியக் கோப்பையை எடுத்துக்கொண்டால், வியட்நாமுடன் 1-1, உஸ்பெகிஸ்தானிடம் 0-1 தோல்வி, பின்னர் பட்டம் வென்ற ஜப்பானிடம் 4-8 தோல்வி. ஜப்பானின் வலைக்குள் நான்கு முறை பந்தைச் சேர்க்கத் தெரிந்த அணிக்கு, எட்டு முறை பந்து உள்ளே வராமல் காக்கத் தெரியவில்லை.

கேள்வி: பெண்கள் அணி? (புதுச்சேரி வாசகி)

பதில்: 2022-இல் 17 வயதுக்கு உட்பட்ட பெண்கள் உலகக் கோப்பையையும் இந்தியாவே நடத்தியது. அமெரிக்காவிடம் 0-8, மொராக்கோவிடம் 0-3, பிரேசிலிடம் 0-5. ஒரு கோல்கூட அடிக்க முடியவில்லை. எனினும் 2025 ஆகஸ்டில் 20 வயதுக்கு உட்பட்ட பெண்கள் அணி, மியான்மரை அதன் சொந்த மண்ணில் 1-0 என்று வென்று, இருபது ஆண்டுகளுக்குப் பிறகு ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. நடத்தும் நாட்டுக்கான சலுகை ஏதும் இல்லாமல் ஆடிப் பெற்ற தகுதி என்பதால், நான் அதை மிக உயர்வாக மதிக்கிறேன்.

கேள்வி: பதினாறு வயதில் ஈரானுக்கும் கொரியாவுக்கும் ஈடுகொடுக்கும் நம் பையன்கள் இருபது வயதில் எங்கே போய்விடுகிறார்கள்? (திருச்சி வாசகர்)

பதில்: எங்கும் போவதில்லை, மாற்று ஆட்டக்காரர்கள் அமரும் பலகையில் உட்கார்ந்திருக்கிறார்கள். உலகக் கோப்பையோ ஆசியக் கோப்பையோ வருவதற்கு முன் ஓரிரு ஆண்டுகள் முகாமிலேயே தங்கி, வெளிநாடுகளுக்குப் போய் ஆடி, ஒன்றாகவே வளர்கிறார்கள். போட்டி முடிந்ததும் அணி கலைகிறது. கிளப்புகளில் அவர்களுடைய இடத்தில் முப்பது வயது அனுபவசாலி நிற்கிறார். கொரியப் பையனோ அதே வயதில் வாரந்தோறும் ஆடிக்கொண்டிருக்கிறான்.

இதற்கு மருந்தாகத்தான் 2017 அணியில் பலரை ஒன்றாக வைத்து, இந்தியன் ஆரோஸ் என்ற பெயரில் ஐ-லீக் என்ற தேசிய கிளப் போட்டியில் ஆடவைத்தார்கள். பெரும்பாலும் கடைசி இடங்களில் நின்றாலும், பெரியவர்களுக்கு எதிராகத் தொடர்ந்து ஆட்டங்கள் கிடைத்தன. 2017 அணியின் ஜீக்சன், அமர்ஜித், சுரேஷ், அன்வர் ஆகியோர் பிற்பாடு நாட்டின் முதன்மை அணிக்கே ஆடினார்கள். அந்த ஆரோஸ் அணியை 2022-இல் இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு நிறுத்திவிட்டு, இளையோருக்கான தனி லீக் நடத்துவதாக அறிவித்தது. தனி லீக் நல்லதுதான். ஆனால் பதினெட்டு வயதுப் பையன் தன்னைவிட வலுவான ஆளோடு தோள் மோதி ஆடும் ஆட்டங்கள் வருடத்துக்குக் குறைந்தது இருபது அவனுக்குக் கிடைக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.